பாதி பூசின பலகை

கண்டக்குழி
12.08.2010

அன்பு மகன் அஃப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தாரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. இது என் கையெழுத்தில்லை என்று பார்த்ததுமே உனக்கு விளங்கியிருக்கும், நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி றிஃப்னா எழுதுகிறாள். (கோழி கிண்டின மாதிரி இருந்தால் அது என் கையெழுத்துத்தான், அஃப்ராஸ் நானா.) போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அதுதான் கடிதம்.

பயப்படாதே மகன், என் வலது கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். கடற்கரை லொட்ஜ்காரர் கேட்டாரென்று வாப்பா கடலில் சறுக்கி ஓடுகிற பலகையொன்று செய்தார். வள்ளங்களுக்குப் பைபர் போடுகிறவருக்கு அது பெரிய வேலையா? மரத்தைச் சீவி, பைபர் துணியை விரித்து, மேலே பிசின் பூசினார். (ரெசின் என்று எத்தனை தரம் சொன்னாலும், ஒட்டினால் பிசின்தான் என்கிறா.) அடக்கப்போகிற மையத்துக்கு வெள்ளைத் துணி சுற்றிக் கபனிடுகிற மாதிரி இருக்கிறதென்று நான்கூடச் சிரித்தேன். பிசின் இறுக ஒரு மருந்து விட வேண்டும், கூடினால் புகையும், குறைந்தால் ஒட்டிக்கொண்டே கிடக்கும். சொட்டுச் சொட்டாக விட வசதியென்று, முடிந்துபோன என் கண் மருந்துப் போத்தலில் அதை ஊற்றி யன்னலில் வைத்துவிட்டார் இந்த மனிசன். புதிசு வாங்கி வைத்திருக்கிறாரென்று எடுத்துக் கண்ணில் விட்டேன். நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது மகன். வாப்பா என் தலையைப் பிடித்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார், அதுதான் நல்லதென்று புத்தளத்தில் டொக்டர் சொன்னார். வருகிற வியாழக்கிழமை கட்டவிழ்த்தால்தான் பார்வை எப்படியென்று தெரியும். அன்றிலிருந்து வாப்பா பலகையைத் தொடவில்லை, பாதி பூசினபடி கிடக்கிறது. என் கண்ணைக் கெடுத்த மனிசன் என்று நானும் ஏசிவிட்டேன். நீ போனில் அவரோடு நல்லமாதிரிக் கதை மகன். தொழுகையை விடாதே, வெயிலில் தலைக்குத் துணி கட்டு. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றுவான்.

உன்னை நினைத்தபடி,
உம்மா அலீமா

நானா, இது உம்மா சொல்லாதது. வாப்பா போத்தலில் ஒட்டியிருந்த பழைய பேப்பரைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் அந்த மருந்தை ஊற்றினார். நான்தான் பகிடிக்கு, "பலகையாருக்குக் கண் மருந்து" என்று எழுதி ஒட்டினேன். வாப்பாவின் ரெசின் கை பட்டு முதல் சொல் அழிந்துபோச்சு. மிச்சம் இரண்டு சொல்லைத்தான் உம்மா வாசித்திருக்கிறா. வாப்பாவுக்குத் தெரியும். "நீ வாயைத் திறக்காதே மகள், ஏச்செல்லாம் எனக்கே இருக்கட்டும்" என்கிறார்.

உம்மா இப்போது, எழுதினதை முழுக்க வாசித்துக் காட்டு என்கிறா. வாப்பா கதவடியில் நின்று எனக்குத் தலையாட்டுகிறார், வேண்டாமென்று. நான் வாசிக்கப் போகிறேன் நானா, இந்த வரி வரைக்கும்.

றிஃப்னா