செண்டாயானில் தினமும் மழை

என் பாசத்துக்கும் வயித்தெரிச்சலுக்கும் உரிய அண்ணே,

நீ போய் நாலு மாசம் ஆச்சு. உன்மேல பொறாமை இன்னும் தீரல. செத்தவன்மேல பொறாமைப்படுறவன் இந்தச் செண்டாயான் ஊர்லயே நான் ஒருத்தன்தான்.

உன் காரியத்துக்கு லிங்கியிலிருந்தெல்லாம் வந்து, "தங்கமான பிள்ளை"ன்னு அழுதாங்க. நான் மூலையில நின்னு பல்லைக் கடிச்சேன். ரத்ததானம் குடுத்துட்டு வந்து, "சும்மா கிடைக்கிற ஒரு கப் மைலோவுக்குத்தான் போறேன்லா, எவனும் தனக்காகத்தான்டா எல்லாம் செய்றான்"னு சிரிப்பியே, அதை நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். அது உன் பேச்சு, என் பேச்சு வேற: எல்லாம் பொறப்புதான். நீ மூத்தவனாப் பொறந்தே, அம்மா மடி கிடைச்சுது, நல்லவனாயிட்டே. நான் ரெண்டாவது, இப்படி ஆயிட்டேன். இதுல உன் பெருமை என்ன, என் தப்பு என்ன?

இப்போ அம்மா என் வீட்டுல. அவங்க பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த தோட்டத்தை அழிச்சுத்தான் இந்த வீடெல்லாம் கட்டினாங்கன்னு அவங்களுக்கு ஞாபகமில்ல. நீ போனதும் ஞாபகமில்ல. விடிகாலையில எந்திரிச்சு, கத்தி எங்க, வாளி எங்கன்னு வாசலுக்கு ஓடுறாங்க. தோட்டமும் இல்ல, பெரியவனும் இல்லன்னு முதல் வாரம் உண்மையைச் சொன்னேன். தினமும் புதுசா அழுதாங்க.

அப்புறம் உன் பக்கத்து வீட்டு அக்காதான், அம்மா உன்கிட்ட இருந்தப்போ நீ செஞ்சதைச் சொன்னாங்க. "மழைம்மா. இன்னிக்குப் பால்வெட்டு இல்ல, படுத்துக்க." மழை பேஞ்சா யாரு மரம் வெட்டுவா? "அம்மா தூங்கினாத்தானே நான் தூங்க முடியும், சுயநலம்தான்"னியாம். உன் திமிரு!

மறுநாள் ஒரு பொட்டு மழை இல்ல. நானும் சொன்னேன். அம்மா போர்வையை இழுத்துக்கிட்டு, "பெரியவனே, நீயாய்யா?"ன்னாங்க.

வயிறு பத்திக்கிச்சு அண்ணே. ஒரு தடவையாவது என்னை அப்படிப் பாசமாக் கூப்பிட மாட்டாங்களான்னு ஐம்பது வருஷமா காத்திருக்கேன். 'சின்னவன்மா'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, பெரியவன் எங்கன்னு கேப்பாங்க. மறுபடி அழணும்.

"ஆமாம்மா, பெரியவன்தான்"னேன்.

இப்போ சொல்லு. நல்ல பேரு உனக்குப் போகுது. உன்னை மாதிரி தூங்கவும் முடியல, என்னை வேலைக்கு ஏத்திக்கிட்டுப் போற சுங்கை காடுட் ஃபேக்டரி பஸ் வந்துருது. எனக்கு இதுல என்ன கிடைக்குது? பொறந்த புத்திதான் பேசும்னா, அந்த நேரத்துல பேசினது யாரு? தினமும் பஸ்ஸுல யோசிக்கிறேன், பிடிபடல.

அம்மா இருக்கிற வரைக்கும் செண்டாயான்ல விடிஞ்சா மழைதான் அண்ணே. அம்மா கணக்குல நீதான் வந்து சொல்வே, நான் காட்டிக் குடுக்க மாட்டேன். பொறாமையை மட்டும் கேட்காதே. அது ஒண்ணுதான் என் பேர்ல இருக்கு.

இப்படிக்கு,
காலையில மட்டும் பெரியவனா இருக்கிற
உன் தம்பி, சின்னவன்