மூன்றாம் அடி உங்களுடையது

அம்மா,

முந்தாநாள் ஆர்மோனியம் திருத்துகிறவரை வீட்டுக்கு வரவழைத்தேன். உங்கள் பெட்டியில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழும்பாமல் கிடந்தன. துருத்தித் துணியையும் கரப்பான் அரித்துவிட்டது. அவர் விறாந்தையில் பாயை விரித்து, மேற்பலகையைக் கழற்றி, உள்ளே முகத்தைக் கொண்டுபோனவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"என்ன ரீச்சர், பெட்டிக்குள்ளை தைலம் மணக்குது?"

அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்தார். இப்போது அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, காதும் மூக்கும்தான் ஊழியம் செய்கின்றன. "உந்தப் பலகையை இஞ்சை கொண்டா பிள்ளை" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்து, குனிந்து, நெடுநேரம் முகர்ந்தார்.

"கொம்மாவின்ரை மணம்" என்றார். "அவ எப்பவும் உப்பிடித்தான் மணப்பா."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திருத்துகிறவரும் மரியாதைக்குத் தலையாட்டினார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். அது உங்கள் மணம் இல்லை, யூக்கலிப்டஸ் தைலம், அதை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தவர்கள் நீங்களும் நானும் என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவருக்கு எப்படிச் சொல்வேன்?

ஊர் ஊராகச் சுவிசேஷக் கூட்டம் நடத்தப் போன அந்தக் கறுப்புக் காரை நினைத்துப் பார்க்கிறேன். கூரையில் தறப்பாள் போர்த்திய பெட்டி, பின்சீற்றில் பாட்டுப்புத்தகக் கட்டுகள், அவற்றின் மேல் தம்பி. ஒவ்வொரு முடக்கிலும் அவன் சத்தி எடுப்பான். அப்பா காரை நிறுத்தி, "பிள்ளை உலகத்தின்ரை அழுக்கைக் கக்குது" என்பார். நீங்கள் வாயை மூடிச் சிரிப்பீர்கள். தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் பாட்டுக் கேட்ட மகிழ்ச்சியில் ஒரு சாக்கு வெங்காயம் தந்தார். அன்று முழுவதும் காருக்குள் கண்ணீர் வடிய வடியப் பாடிப் பழகினோம். போய் இறங்கிய இடத்தில் எங்கள் சிவந்த கண்களைப் பார்த்துவிட்டுச் சபையார் உருகிப்போனார்கள். நெல்லியடிச் சந்தையடியில் கார் மூச்சை விட்டு நின்றபோது அப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. "கார் நிண்ட இடம் கர்த்தர் நிப்பாட்டின இடம்" என்று சொல்லி, மரக்கறிக்காரருக்கு நடுவில் பெட்டியை இறக்கிவிட்டார்.

எங்கள் பள்ளிக்கூடமும் அந்தக் கார்தான். தங்குகிற வீடுகளில் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டு எங்களைப் படுக்க வைப்பார்கள். இரவு விளக்கை அணைத்ததும் அதுகள் வந்து எங்களைக் கிள்ளும். கத்தக் கூடாது, ஊழியக்காரர் பிள்ளைகள் கத்துவதில்லை. எந்த வீட்டுப் படலையைத் திறக்கும் முன்னும் நீங்கள் சேலைத் தலைப்பால் எங்கள் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொல்வது ஒன்றேதான். "தந்ததைச் சாப்பிடுங்கோ. தராததைப் பாராதேங்கோ." நான் தராததை மட்டும்தான் பார்த்தேன், அம்மா. அந்தக் குணம்தான் பிறகு வினையாக வந்தது.

அப்பாவின் கூட்டம் எப்போதும் ஒரே ஒழுங்கில் நடக்கும். முதலில் தம்பி கைத்தாளம் தட்ட நாங்கள் இரண்டு பாட்டுப் பாடுவோம். பிறகு அப்பா எழும்பி உங்களைக் காட்டிச் சாட்சி சொல்வார்.

"இவ என்ரை மனிசி. முட்டு இழுத்து, மூச்சு விடேலாமல், விடியுமோ விடியாதோ எண்டு கிடந்தவ. பரியாரி கைவிட்டிட்டார். நான் முழங்காலிலை நிண்டன். விடியக்காலமை எழும்பி, தேத்தண்ணி தாங்கோ எண்டு கேட்டவ. அண்டையிலை இருந்து இவவுக்கு முட்டு இல்லை. அந்த மூச்சை இப்ப கேளுங்கோ!"

உடனே நீங்கள் அவர் கட்டிய அந்தப் பாட்டைப் பாட வேண்டும்.

*ஆழக் கடலிலே நான் அலைந்தபோதும்*
*காரிருள் மேகங்கள் சூழ்ந்தபோதும்*
*கைநீட்டி என்னை அழைத்தவரே*

மூன்றாம் அடியில் "அழைத்தவரே" என்பதை மேலே தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். அங்கேதான் சனம் கண்ணைத் துடைக்கும். நீங்கள் குணமானதற்கு அத்தாட்சியே அந்த ஓர் இழுவைதான்.

அப்பா பொய்யர் இல்லை. அதுதான் தொல்லை. பொய்யராக இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் அவரிடம் இலகுவாகக் கதைத்திருப்போம். அவர் முழு மனதோடு நம்பினார். அரசாங்கக் கச்சேரியில் இருந்த எழுத்து வேலையை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கியதே அந்த ஒரு விடியற்காலையை நம்பித்தான். முட்டு மெல்ல மெல்லத் திரும்பி வந்தபோது, அதை அவரிடம் சொல்வது கர்த்தரைப் பொய்யாக்குவதுபோல் உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தைலப் போத்தலைத் துணியில் சுற்றி ஆர்மோனியத்துக்குள் ஓர் ஓரமாக வைத்தீர்கள். பெட்டியைச் சுமப்பவர் அப்பா, திறப்பவர் நீங்கள் மட்டும். பிடிபட வழியே இல்லாத இடம்.

நான் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் என்னை ஏசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாட்டைச் சொல்லிப்போடாதை, என்ரை குஞ்செல்லே" என்றீர்கள். பிறகு, "பாட்டு நடுவிலை அறுந்தா ஆக்கள் எழும்பிப் போயிடுவினம். நான் துருத்தியிலை சுண்டுவிரலைத் தூக்கினா, நீ மூண்டாம் அடிக்குள்ளை வந்திடு" என்று சொல்லித் தந்தீர்கள். மூச்சு எட்டாத இடத்தில் உங்கள் இடக்கையின் சுண்டுவிரல் மெல்ல எழும்பும். நான் நுழைந்து "அழைத்தவரே"யைத் தூக்கிக்கொண்டு போவேன். கேட்கிறவர்களுக்குத் தாயும் மகளும் சேர்ந்து பாடுகிறார்கள் என்று தோன்றும். அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலில் நான் பயந்து பயந்துதான் நுழைந்தேன். பிறகு அந்தச் சனம் கண்ணைத் துடைப்பது என் குரலுக்கு என்று விளங்கியது. பசித்த பிள்ளை அடுப்புச் சட்டியைப் பார்ப்பதுபோல நான் உங்கள் விரலைப் பார்க்கத் தொடங்கினேன். விரல் எழும்பாத நாட்களில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நீங்கள் நன்றாக மூச்சு விட்ட நாட்கள் அவை. அந்த நாட்களில் காருக்குள் நான் முகத்தை நீட்டிக்கொண்டு வருவேன். நீங்கள் என்னைத் தடவி, "என்ன பிள்ளை, பசிக்குதே?" என்று கேட்பீர்கள்.

வடமராட்சிக் கரையில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். எத்தனையோ தடவை இந்த இடம் வரை எழுதிக் கிழித்திருக்கிறேன்.

கடலோடிகளின் ஊர். எல்லாரும் சைவ ஆக்கள். அப்பாவின் பிரசங்கத்துக்கு வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டே இருப்பார்கள், பாட்டு வந்தால் மட்டும் கையை நிறுத்துவார்கள். கோயில் கும்பிடுகிற ஒரு பெண்தான் எங்களுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டார். உங்களைக் கண்டதுமே, "தங்கச்சி, உமக்கு முட்டெல்லோ?" என்று கேட்டார். "இல்லை அக்கா, உப்புக் காத்து ஒத்துக்கொள்ளேல்லை" என்றீர்கள். அவர் நம்பாமல் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து தந்தார். வழிநெடுகச் சாட்சி சொல்லிக்கொண்டு வந்தவர் கண்டுகொள்ளாததை அந்த அக்கா ஒரு பார்வையில் கண்டுகொண்டார்.

பொழுது சாயும் நேரம் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டீர்கள். தோள்மூட்டு இரண்டும் ஏறி ஏறி இறங்கிற்று.

"பிள்ளை, எனக்கு இண்டைக்கு ஏலாமல் கிடக்கு. அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, அந்தப் பாட்டு வேண்டாமாம் எண்டு அப்பாட்டைச் சொல்லு. நான் சொன்னா அவர் யோசிப்பார். நீ சொன்னாச் சிரிச்சுக்கொண்டு கேப்பார்."

"ஓம் அம்மா" என்றேன்.

அப்பா பனை வடலி ஓரத்தில் பெற்றோமாக்ஸ் விளக்குக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கரை நிறையச் சனம் வந்து குந்தத் தொடங்கிவிட்டது. அவ்வளவு சனத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பாட்டு இல்லையென்றால் மூன்றாம் அடியும் இல்லை என்பது மட்டும்தான் என் புத்தியில் நின்றது.

"அம்மா ஆயத்தமே?" என்று அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா, ஆயத்தம்."

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு ஓம்.

அப்பா உங்கள் பெயரைச் சொல்லி அழைத்தபோது நீங்கள் திரும்பி என்னைத்தான் பார்த்தீர்கள். நான் தம்பியின் கைத்தாளத்தை வாங்கி அதன் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீங்கள் பெட்டிக்கு முன்னால் போய் இருந்தீர்கள். முதல் அடி பாதியிலேயே சுண்டுவிரல் எழும்பிவிட்டது. நான் நுழைந்தேன். அது இறங்கவேயில்லை. முழுப் பாட்டையும் நான் தனியாகப் பாடினேன், அம்மா. என் ஆயுளில் அவ்வளவு நன்றாக நான் பாடியதில்லை, இனிப் பாடப் போவதும் இல்லை. வலை தைத்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. "இன்னொருக்காப் பாடு மோனை!" என்று ஒரு கிழவர் கேட்டார். நான் இன்னொருக்கால் பாடினேன். நீங்கள் துருத்தி அடித்துக்கொண்டே இருந்தீர்கள். பெட்டிக்குக் காற்று இருந்தது, உங்களுக்கு இல்லை.

பாட்டு முடிந்து நீங்கள் பெட்டியின் மேல் சாய்ந்தபோது முதலில் ஓடிவந்தவர் கொத்தமல்லி தந்த அக்காதான். அப்பாவைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் காரை எடுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே அப்பா கேட்ட முதல் கேள்வி எனக்கு மறக்காது. "இது புது வருத்தம்தானே டொக்டர்?" டொக்டர் வாயைத் திறக்கும் முன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஓம், புதுசு." இரண்டு சொல் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது!

அதற்குப் பிறகு நீங்கள் பாடவில்லை. பெட்டியை மட்டும் வாசித்தீர்கள். பாடாத மனிசியை வைத்துக்கொண்டு சாட்சி சொல்ல முடியாது என்று அப்பா விட்டுவிடுவார் என நினைத்தேன். அவரோ தன் நம்பிக்கையிலிருந்தே புதுச் சாட்சி ஒன்றைக் கண்டுபிடித்தார். கூட்டத்துக்குக் கூட்டம் என்னை முன்னால் நிறுத்தித் தலையில் கை வைத்து, "கர்த்தர் தாயின்ரை குரலை எடுத்து மகளுக்குக் குடுத்தார்" என்று சொன்னார். சனம் தோத்திரம் சொன்னது. நான் களவெடுத்த பொருளோடு பிடிபட்டவள்போல நின்றேன். எடுத்தது கர்த்தர் இல்லை, நான். நீங்கள் பெட்டிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

அரியாலை வீட்டில் மாரிக் குளிரில் நீங்கள் கண்ணை மூடும் வரை, அன்றைக்கு அப்பாவிடம் சொன்னாயா என்று என்னை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்யோ மெய்யோ ஒன்றைச் சொல்லி இறக்கி வைத்திருப்பேன்.

முந்தாநாள் பெட்டி சரிவந்ததும் அப்பா, "எங்கை, அந்தப் பாட்டை ஒருக்காப் பாடு பிள்ளை" என்றார். வாசித்தேன். இரண்டு அடி பாடினேன். மூன்றாம் அடி வந்தபோது என் வாய் மூடிக்கொண்டது. பெட்டி மட்டும் அந்த இழுவையை இழுத்துக்கொண்டு போனது.

அப்பா தலையை நிமிர்த்தினார். "ஏன் பிள்ளை, மூச்சு வாங்குதே?"

உங்களிடம் அவர் ஒருநாளும் கேளாத கேள்வி.

"எனக்கில்லை அப்பா" என்றேன். "அம்மாவுக்குத்தான் வாங்கினது. எல்லா நாளும் வாங்கினது. அது மருந்து மணம்."

அவர் பலகையைத் தேடிக் கையை நீட்டினார். அது பெட்டியில் பூட்டியாகிவிட்டது. பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டு விளக்கு வைக்கும் வரை இருந்தார். கடற்கரையில் அன்று நான் சொன்ன ஓமைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

இன்று ஆராதனை முடிந்து, புதிதாக வந்திருக்கும் போதகர் அப்பாவின் கையைப் பிடித்து, "உங்கடை சாட்சியைப் பற்றிக் கனக்கக் கேள்விப்பட்டனான் ஐயா, உங்கடை வாயாலை கேக்க வேணும்" என்றார். அப்பா தொண்டையைச் செருமினார். எனக்கு அந்த வசனங்கள் எல்லாம் மனப்பாடம். காத்து நின்றேன். அவர் மங்கிய கண்ணோடு நான் நின்ற பக்கம் திரும்பினார்.

"என்ரை மனிசி நல்லாப் பாடுவா" என்றார். அதோடு நிறுத்திவிட்டார்.

உங்கள் குரலை எடுத்தவள் இப்போது அவருடைய சாட்சியையும் எடுத்துவிட்டேன், அம்மா. மெய் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். என் பாரத்தில் பாதியை அந்தக் கிழவரின் தலையில் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பாட்டை இனியும் பாடச் சொல்வார்கள். பாடுவேன். இரண்டு அடி பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டு துருத்தி அடிப்பேன். ரீச்சருக்குப் பாட்டு மறந்துபோச்சு என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகள் சிரிக்கட்டும். மூன்றாம் அடி உங்களுடையது. ஆறுதலாக மூச்சு எடுத்துப் பாடுங்கோ. சுண்டுவிரலைத் தூக்கினாலும் நான் வரமாட்டேன்.