ஜெரே என் காதில் சொன்னது

மே 9, வெள்ளி

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜனாதிபதி ஜெரே கட்சி மாநாட்டைத் தள்ளிப்போடுவார், இன்னொரு தடவையும் தள்ளிப்போடுவார், ஏன் என்று கேட்கிற மாவட்டக் குழுவைக் கலைப்பார் என்று. யாரிடம் சொன்னேன் என்று எனெலெஸி கேட்கிறாள். இவளிடம்தான். கட்டிய மனைவி, பூசணி இலை நறுக்குகிற மும்முரத்தில் காதில் வாங்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

காலையில் வானொலியில் வந்துவிட்டது. எங்கள் மாவட்டக் குழு கலைப்பு. மகளிர் அணித் தலைவி லோம்பே இடைநீக்கம். லோம்பே என் அக்கா மகள். எங்கள் பெம்பா ஜனங்களில் அக்கா மகள் என்றால் பெற்ற மகளுக்கும் ஒரு படி மேல். அக்கா போனபின் அவளுக்குத் தாயும் நான்தான், தகப்பனும் நான்தான்.

கூட்டத்தில் எழுந்து அவள் கேட்டது இவ்வளவே: “தலைவரோட ரெண்டாவது பதவிக்காலமும் முடியப்போகுது. அடுத்தவரத் தேர்ந்தெடுக்கிற மாநாடு எந்த மாசம்?”

மாசம் கேட்டது குற்றமாம்.

மே 12, திங்கள்

லோம்பே வந்திருக்கிறாள். ந்ஷிமாக் களியைக் கிள்ளி உருட்டினாள், உருட்டினாள், தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவினாள். அடுத்த மாதம் சிப்பாட்டாவில் விசாரணை. கட்சியை விட்டே நீக்கிவிட்டால் நாடாளுமன்றத்துக்கு நிற்பது என்ற பேச்சே இல்லை. எத்தனை வருஷம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த பெண்கள் கூட்டம்! இப்போது அவளோடு சந்தையில் பேசவே பயப்படுகிறார்கள்.

நான் தைரியம் சொன்னேன். ஜெரேயும் நானும் கிட்வே சுரங்கத்தில் ஒரே லாரியில் வேலைக்குப் போனவர்கள், நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

“அது வேற ஜெரே” என்றாள் எனெலெஸி, அடுப்படியிலிருந்து.

வேறாக இருந்தால் என்ன? ஜெரே ஜெரேதானே.

மே 20, செவ்வாய்

ஜெரேயின் ஆட்டத்தை இந்த நாட்டில் புரிந்துகொண்டவன் நான் ஒருத்தன்தான். ஏழாம் வகுப்புப் பரீட்சையைப் பாதியில் விட்டு வந்தவன். முழுசாக எழுதியிருந்தால் நானே மந்திரி.

ஒருநாள் பொதுச்செயலாளர் சியாமேயைத் தன் பண்ணைக்குக் கூட்டிப்போய் மாடு காட்டுகிறார். உடனே சியாமே வீட்டு வாசலில் கார் வரிசை. மறுநாள் மருமகன் டிக்சனை விமானத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பறக்கிறார். வரிசை அங்கே ஓடுகிறது. அடுத்தவன் தான்தான் என்று இரண்டு பேரும் நம்புகிறார்கள். ஒருவனை ஒருவன் முறைத்துக்கொண்டே இருப்பதால் நாற்காலியை யாரும் பார்ப்பதில்லை. அதில் ஜெரே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மாநாடு வந்தால்தானே எழுந்திருக்க வேண்டும்?

எனெலெஸியும் ஜெரேயைப் போல ங்கோனி இனம். “எங்காளு மூளைக்காரர்” என்கிறாள். எலி தின்கிற ஜனங்களுக்கு மூளை வேறா என்றேன். குரங்கு தின்கிறவனுக்குச் சோறே அதிகம் என்று தட்டை எடுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சு. எனக்கு அலுக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

லோம்பே பாவாடைமேல் சுற்றியிருந்த கட்சித் துணியை, ஜெரே முகம் அச்சடித்ததை, இடுப்பிலிருந்து அவிழ்த்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

ஜெரேயின் அக்கா டொரிகா இறந்துவிட்டாள். பக்கத்து ஊர்தான். என்னைக் கண்டால் “குரங்கு வந்திருக்கு, வாழைப்பழத்த ஒளிச்சு வைங்க” என்று கத்துவாள். தம்பி ஜனாதிபதியானபிறகும் அந்த மண் வீட்டை விட்டு நகரவில்லை. நல்ல மனுஷி. ராத்திரிச் சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை.

ஆள் அனுப்பியிருக்கிறார்கள், சாவு முறை செய்யப் பெம்பா மச்சான் ஒருத்தன் வேண்டுமென்று. நானில்லாமல் யார்?

ஜூன் 8, ஞாயிறு

எழுதாமல் தூக்கம் வராது. சந்தோஷமா பயமா தெரியவில்லை.

பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் கேலி முறை. முப்பாட்டன்கள் போட்ட சண்டை ஓய்ந்தபின் வந்த உறவு. எங்கள் சாவில் அவர்களும் அவர்கள் சாவில் நாங்களும் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்வோம், வாய்க்கு வந்தபடி ஏசுவோம், கேட்டதைக் கொடுத்தால்தான் எழுந்திருப்போம். அழுகிற வீட்டில் ஒரு சிரிப்பு வரவேண்டும், அதற்குத்தான். அப்போது சொன்ன சொல்லுக்குக் கோபப்படக்கூடாது. ராஜாவாக இருந்தாலும்.

படுத்தேன். மேலே ஐயாயிரம் பேர். சரி, எழுநூறு. விளிம்பில் கறுப்புக் கோட்டில் ஜெரே. ஒரு பக்கம் சியாமே, மறு பக்கம் டிக்சன். இரண்டு பேரும் குழியைப் பார்க்கவில்லை, ஜெரே எந்தப் பக்கம் திரும்புகிறார் என்றே பார்த்தார்கள். லோம்பே தூரத்தில் பெண்களுக்குப் பின்னால் தனியாக நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்குள் என்னமோ ஆயிற்று.

“ஏய் எலி தின்னி ஜெரே! உங்கக்கா நேரம் வந்ததும் மரியாதையா எழுந்து போயிட்டா. நீ எப்பய்யா எழுந்திருக்கப்போற?”

தலைநகர் லுசாக்காவிலிருந்து வந்த காவல்காரன் ஒருத்தன், பாவம், எந்த ஊர்ப் பையனோ, முறை தெரியாமல் என் சட்டையைப் பிடிக்கக் குனிந்தான். கிழவிகள் நான்கு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். ஜெரே சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. பிறகு அவர் மண்டியிட்டு, குழிக்குள் கை நீட்டி, என்னைப் பாதி தூக்கி, என் காதில் சொன்னார்.

காதில் சொன்னதை எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று முழுவதும் மதுக்கடையில் கூட்டம், என்னைச் சுற்றித்தான். என்ன சொன்னார், என்ன சொன்னார்? சொன்னேன்: “எனக்கும் அலுத்துப்போச்சு, குரங்கு தின்னி. ஆகஸ்ட்ல மாநாட்ட வச்சுட்டு எழுந்திருக்கிறேன். மாசம் கேட்ட பொண்ணு கேட்டது நியாயந்தான்.”

முதல் தடவை சொன்னபோது பொண்ணு இல்லை. மூன்றாம் தடவை வந்துவிட்டாள். ஐந்தாம் தடவை ஜெரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லோம்பேக்கு மட்டும் பாதி நம்பிக்கை. “மாமா, இது எம் பொழப்பு. விளையாடாத.” ஏன், நான் எப்போதாவது விளையாடியிருக்கிறேனா?

ஜூன் 18, புதன்

விசாரணைக்குப் போனவளுக்குத் தேநீர் கொடுத்தார்களாம். ரொட்டியும். சியாமேயின் ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு, “தலைவர் உங்களப் பத்தி மாமாகிட்ட வேற என்ன சொன்னாரு, அம்மா?” என்று கேட்டானாம். டிக்சனின் ஆள் வாசல்வரை வந்து வழியனுப்பினானாம். இடைநீக்கம் ரத்து.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனெலெஸி கோழி அடித்தாள். கால் துண்டு இரண்டும் எனக்கு.

ஜூன் 25, புதன்

வானொலிக்காரன் ஜெரேயிடமே கேட்டுவிட்டான். பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லோம்பே தொலைந்தாள்.

ஜெரே சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாவு வீட்டு மச்சான் சொன்னத நான் மறுத்தா எங்க முறை கெட்டுப்போகும். ஒத்துக்கிட்டா ஆட்சி கெட்டுப்போகும். அந்தக் குரங்கு தின்னியவே கேட்டுக்கங்க.”

மறுக்கவில்லை! ஏன் மறுக்கவில்லை? எனெலெஸி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வானொலியின் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

எல்லா மாவட்டமும் ஆகஸ்ட் மாநாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறது. அறிவிக்கவே இல்லாத மாநாடு! பின்தங்கிவிடுவோமோ என்று சியாமேக்குப் பயம், டிக்சனுக்கும் அதே பயம். கடைகளில் ஜெரே முகமில்லாத கட்சித் துணி வந்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

ஜெரே அறிவித்துவிட்டார். ஆகஸ்ட் பதினாறு. ஆரம்பத்திலிருந்தே தன் திட்டம் அதுதான் என்றார். சரியான புளுகன். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஆகஸ்ட் 16, சனி

லோம்பே லுசாக்காவிலிருந்து தொலைபேசியில் கத்தினாள், மேடைச் சத்தத்துக்கு மேலாக. கடைசி நேரத்திலும் ஜெரே ஒன்று செய்து பார்த்தாராம். ஆட்சி வேறொருவருக்கு, கட்சித் தலைமை மட்டும் தன்னிடமே இருக்கட்டும் என்று. எங்கள் லோம்பேதான் எழுந்திருக்கிறாள். கேட்டது இதைத்தான்: “ஐயா, முழுசா எழுந்திருங்க. நாங்க உங்களத் தாங்கிப் பிடிச்சுக்கிறோம்.”

பெண்கள் முதலில் கை தட்டினார்களாம். பிறகு எல்லோரும். ஜெரே அவளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “குரங்கு தின்னி வீட்டுப் பொண்ணா?” என்று மட்டும் கேட்டாராம். இரண்டையும் விட்டுவிட்டாராம். தலைவர் தேர்தலில் சியாமே ஜெயித்தான். எங்கள் தொகுதிக்கு வேட்பாளர் லோம்பே.

எனெலெஸி முற்றத்தில் ஆடினாள், அவளுடைய முழங்கால் வலியோடு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லோம்பே வந்தாள். புதுத் துணி கட்டியிருந்தாள். சாப்பிட்டாள், வயிறாரச் சாப்பிட்டாள். போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள்: “மாமா, இப்பவாவது சொல்லு. குழியில அவரு நிஜமா என்னதான் சொன்னாரு?”

ஆகஸ்ட், அலுப்பு, மாசம் கேட்ட பொண்ணு, எல்லாவற்றையும் கண்ணீரோடு சேர்த்து மறுபடியும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கை நீட்டித் தூக்கியவர் என் கையை விடவே இல்லை. “எழுந்திரு மச்சான், மண்ணு சில்லுன்னு இருக்கு” என்றார். அப்புறம், “இதுக்குள்ள எங்கக்கா தனியா எப்படி இருப்பா?” என்றார்.

பதிலுக்கு ஏச வேண்டியது என் முறை. ஏசாமல், அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.