விஜயதசமியில் எடுத்த அளவு

29 செப்டம்பர் 2025, திங்கள்

திருப்பதியில் பிரம்மோற்சவக் கூட்டம். புத்தூரிலிருந்து நின்றுகொண்டேதான் வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸுக்கு நடை. இந்தப் பத்து நாளும் ஆட்டோக்காரர்கள் உள்ளூர்க்காரர்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வந்ததும் மேனேஜர் ஹரிபாபு கூப்பிட்டார். லாட்ஜ் புக்கிங் மென்பொருளை ஆபீஸே சேர்ந்து துண்டு துண்டாக எழுதுகிறது. அதையெல்லாம் சேர்த்து, ஓடுகிற ஒன்றாகக் கட்டித் தரும் பில்டு வேலை என்னுடையது. சேர்ந்த நாளிலிருந்து நான் அமைத்த சிஸ்டத்தில்தான் ஓடுகிறது. இப்போது என் டீமில் இருக்கும் ஹரிதா ஒரு புது சிஸ்டம் கொண்டுவந்திருக்கிறாள். எது வேகம் என்று பார்த்து சிங்கப்பூர் கிளையண்டுக்குச் சொல்ல வேண்டுமாம். ஜெயிக்கிறவள் திருப்பதியில் இருப்பாள். மற்றவளுக்கு ஹைதராபாத்.

என்னால் போக முடியாது. என் வீட்டுக்காரர் தணிகைவேல் பக்கத்து ஊர் நகரியில் தறியை விட்டுவிட்டு என் பின்னால் வருவாரா? பாப்பா இப்போதுதான் யூகேஜி. போ என்றால் வேலையை விட வேண்டியதுதான். ஹரிபாபுவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்த முகமாகச் சொல்கிறார்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். சர்வர் மேல் சாமந்தி மாலை. பூசணிக்காய் உடைத்த இடத்தில் ஹரிபாபு வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

2 அக்டோபர், வியாழன்

இன்று லீவு. ஆனாலும் வரச் சொல்லிவிட்டார். "விஜயதசமிம்மா, மஞ்சி ரோஜு, நல்ல நாளு. இன்னிக்கு ஆரம்பிச்சா எல்லாம் ஜெயம்தான்." ராகு காலத்துக்கு முன்னால் இரண்டு சிஸ்டத்தையும் ஓட்டி முடிக்க வேண்டுமாம்.

ஹரிதாதான் ஓட்டினாள். எதை முதலில் என்று கேட்டதற்கு ஹரிபாபு, "பழசு பெரிசுதானே, மரியாதையா அது மொதல்ல போவட்டும்" என்றார். ஊதுபத்தி வேறு.

என்னுடையது அரை மணி நேரம். அவளுடையது ஐந்து நிமிடத்துக்குள்.

"ஏம்மா மோனிகா, இத்தினி நாளா மாட்டு வண்டியா ஓட்டிக்கினு இருந்தே?" என்றார் ஹரிபாபு. எல்லோரும் சிரித்தார்கள். ஹரிதாவும் சிரித்தாள். தினமும் என் டப்பாவில் கைவிட்டுத் தின்கிறவள்.

3 அக்டோபர்

அரை மணி நேரமா? என் பில்டு ஒருநாளும் அவ்வளவு எடுத்ததில்லையே!

6 அக்டோபர், திங்கள்

இன்று பிடித்துவிட்டேன்.

சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஏழுமலையிடம், பூஜைக்கு முன்னால் மிஷினில் ஏதாவது செய்தாயா என்று கேட்டேன். "வருசா வருசம் பண்றதுதானே மேடம். மேசையெல்லாம் தொடச்சேன். அப்டியே உள்ள சேர்ந்திருந்த பழைய ஃபைலெல்லாம் அழிச்சி சுத்தம் பண்ணிட்டேன். பூசைக்கி அழுக்கோட வெக்கலாமா?"

வேறொன்றுமில்லை. பில்டு ஓட நெட்டிலிருந்து இறக்க வேண்டிய லைப்ரரிகள், அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் துண்டுகள், ஏராளம். ஒருமுறை இறக்கிவிட்டால் மிஷினிலேயே இருக்கும், மறுபடி இறக்க வேண்டாம். ஏழுமலை அதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறான். முதலில் ஓடிய என் சிஸ்டம் வெறும் மிஷினில், உற்சவக் கூட்டத்தில் நொண்டுகிற நெட்டில், அத்தனையையும் இறக்கியது. இரண்டாவதாக வந்தது நோகாமல் எடுத்துக்கொண்டது. நான் சமைத்துவைக்க, அவள் வந்து சாப்பிட்ட மாதிரி. மரியாதையாம், மரியாதை!

7 அக்டோபர்

ஹரிபாபுவிடம் சொன்னேன். புரியாதவர் இல்லை, உடனே புரிந்தது. புரிந்த பிறகுதான் இதைச் சொன்னார்: "நல்ல நேரத்துல எடுத்த அளவும்மா. திருப்பி எடுத்தா அபசகுனம். அளவு போட்ட ஸ்லைடும் கிளையண்டுக்குப் போயிட்ச்சி, ஒதிலேயி."

விட்டுவிட வேண்டுமாம். என் பிழைப்பு போகிறது, இந்த ஆளுக்கு சகுனம்! வெளியே வந்து ஹரிதாவைப் பார்த்தேன். ஸ்க்ரீனிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. அவளுக்கும் ஏழுமலை சொல்லியிருப்பான். கல்லுளிமங்கி.

மதியம் தனியாகச் சாப்பிட்டேன்.

11 அக்டோபர், சனி

ஆபீஸில் யாருமில்லை. நானே ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காக. இரண்டுக்கும் வெறும் மிஷின்: கிட்டத்தட்ட சமம். இரண்டுக்கும் எல்லாம் இறக்கிவைத்த மிஷின்: அப்போதும் சமம்தான். மாட்டு வண்டியாம்! அறையில் நான் மட்டும் நின்று கைதட்டிக்கொண்டேன்.

அதோடு கிளம்பியிருக்கலாம். புத்தி சும்மா இருக்கவில்லை. தினமும் நடப்பது வேறுதானே? யாரோ ஒருத்தர் ஒரே ஒரு வரியை மாற்றுவார், அதற்காக மறுபடி கட்ட வேண்டும். அதையும் ஓட்டினேன். என்னுடையது மொத்தத்தையும் முதலிலிருந்து தடவிப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அவளுடையது நான் தண்ணீர் பாட்டிலை மூடுவதற்குள் முடித்துவிட்டது.

ஏதோ தப்பு என்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும். அதேதான்.

சீ.

13 அக்டோபர், திங்கள்

சிங்கப்பூருக்கு நேரடியாகவே மெயில் போட்டேன். ஹரிபாபுவுக்கும் ஹரிதாவுக்கும் காப்பி. விஜயதசமி அளவு ஏன் தப்பு என்று விளக்கி, வெறும் மிஷின் அளவு, நிறைந்த மிஷின் அளவு, இரண்டையும் கொடுத்தேன். ஒரு வரி மாற்றியதைக் கொடுக்கவில்லை.

பொய் ஒன்றும் எழுதவில்லையே? கேட்டால் சொல்லப்போகிறேன். யார் கேட்கப்போகிறார்கள்?

ஹரிபாபு செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். அவராவது ஊதுபத்தி கொளுத்திச் செய்தார். என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பாப்பாவுக்கு ஹோம்வொர்க் சொல்லித் தரும்போது காரணமே இல்லாமல் அடித்துவிட்டேன்.

16 அக்டோபர், வியாழன்

கிளையண்டோடு வீடியோ கால். சிங்கப்பூர் அம்மாள் நேராகக் கேட்டார்: ஒரே மென்பொருளுக்கு இரண்டு விதமான அளவு வந்திருக்கிறது, எது சரி, முதல் அளவை எடுத்தது யார்? ஹரிபாபு இளித்தார். டீமில் ஏதோ குழப்பம், மோனிகா விளக்குவாள் என்று என் பக்கம் தள்ளினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஹரிதா பேசிவிட்டாள். அந்த அளவை எடுத்தது நான்தான், பழசை வெறும் மிஷினில் ஓட்டிவிட்டேன், தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு, மோனிகா அனுப்பியது சரி என்றாள். சொல்லி முடித்த பிறகும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டாய், போதுமா என்று கேட்கிறாளாக்கும் என நினைத்து, தலையைக் குனிந்துகொண்டேன்.

24 அக்டோபர், வெள்ளி

கிளையண்ட் முன்னால் ஹரிதா மானத்தை வாங்கிவிட்டாளாம். ஹைதராபாத் அவளுக்குத்தான் என்று ஹரிபாபு சொல்லிவிட்டார். அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்த ஊர் சித்தூருக்கே போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

படிக்கட்டில் நிறுத்தி, "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்றேன்.

"ஓட்டினது நான்தானேக்கா. வேற இன்னா சொல்லணும்ன்றீங்க?"

நான் திருப்பதியிலேயே இருக்கிறேன். தணிகைவேல் இனிப்பு வாங்கி வந்தார். நான் தொடாமல் பாப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

10 நவம்பர், திங்கள்

அந்த சிங்கப்பூர் அம்மாள் விடவில்லை. அவர்கள் பக்கமே ஓட்டிப் பார்த்து, புது சிஸ்டம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஹரிபாபு கூச்சமே இல்லாமல் என்னையே மாற்றச் சொன்னார். மாற்றினேன். இன்று முழு ஆபீஸும் அதில்தான் ஓடியது. ஆளாளுக்கு என் மேசைக்கு வந்து, சூப்பர் வேகம் மேடம் என்று கை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். என் வெட்கம் எங்கே போனதோ.

மத்தியானம் பொறுக்க முடியாமல் ஹரிதாவுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். ஒரு வரி மாத்தி ஓட்டினா உன்னோடதுதான் வேகம், எனக்கு அன்னிக்கே தெரியும், மெயில்ல வேணும்னேதான் விட்டேன்.

உடனே பதில் வந்தது. "எனக்கும் தெரியும்கா. நானும் ஓட்டிப் பாத்துட்டேன்."

அப்புறம் ஏன் அந்த சிங்கப்பூர் கால்ல சொல்லலே என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்கா."