மாமாவின் நாடி

என்னங்க,

நீங்கள் கடையிலிருந்து வருவதற்குள் நான் டியூட்டிக்கு ஓட வேண்டும். மாமாவுக்கு இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்! ஒரு நிமிஷம் முழுக்க நாடியை எண்ணினேன், ஐம்பதுகூட இல்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். "நல்லவேளை சிஸ்டர், கொடுத்திருந்தா இன்னும் இறங்கியிருக்கும். பத்து மணிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை! "தினமும் கையப் பிடிச்சு எண்ண இது வீடா, வார்டா?" என்று நேற்றுக் கத்தினீர்களே, இப்போது சொல்லுங்கள்!

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். அவரைத் தனியாகக் குளிக்க விடாதீர்கள், தலை சுற்றலாம். மயக்கம் வந்தால் உடனே ஆம்புலன்ஸ்தான்.

பி.கு: என் கோபமெல்லாம் போயாச்சு. மாமா பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறார்: "இனிமே உங்களுக்குள்ள சண்டை வந்தா, என் ஓட்டு மருமகளுக்குத்தான்டா!"