கிளாசில் ஐந்தாவது பிள்ளை

ஏப்ரல் 21, செவ்வாய்

தூறல். குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்து, இரவுச் சட்டையோடு ஓட்டம்.

நேற்று அமெரிக்காவில், ஒஹாயோவில் இருந்து கோச் வீடியோவில் வந்தார். மகள் ஆரணியைக் கல்லூரி பேஸ்கட்போல் அணிக்குக் கேட்கிறார்கள். முழு ஸ்கொலர்ஷிப், படிப்பு, சாப்பாடு, இருப்பிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வியாழனுக்குள் ஒப்பந்தக் கடதாசி வரும், ஆ. கையெழுத்து வைத்தால் சரி. ஒரு வருடத்தில் புதிதாக எடுக்கும் பிள்ளைகளின் கூட்டத்துக்கு அங்கே கிளாஸ் என்று பெயராம். இந்த வருடக் கிளாசில் நாலு பேர் சேர்ந்தாயிற்று. எங்கள் பிள்ளை ஐந்தாவது.

இவரிடமும் ஆ.விடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், யாரிடமும் மூச்சு விடக்கூடாது. கைக்கு வருமுன் வாயைத் திறந்தால் கண்ணூறு. இவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பின்னேரம் முருகன் கோயில். புஷ்பம் அக்கா பிடித்துக்கொண்டார். அவருடைய மகளும் ஆ.வும் ஒரே கிளப்பில் விளையாடுகிறார்கள்.

"என்ன, மகள் அமெரிக்கா போறாளாம்?"

"இல்லையக்கா, நாங்கள் விடேல்லை. இங்கைதான் படிக்கப் போறாள். பந்து விளையாடினது காணும், இனி நிப்பாட்டு எண்டிட்டம்."

தடங்கலில்லாமல் வந்தது பொய். அக்காவுக்குத் திருப்தி. "ஓமோம். பொம்பிளைப் பிள்ளை, இனியும் வளந்தா மாப்பிள்ளைக்கு எங்கை போறது?"

பற்றிக்கொண்டு வந்தது. ஆறடி உயரம் என்ன குற்றமா? பிரசாதம் வாங்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் ஒரு கிழவர் பல்செட்டை பஸ்ஸில் தொலைத்துவிட்டு ரிசெப்ஷனில் என்னோடு சண்டை. நானா எடுத்துப் போட்டிருக்கிறேன்?

மத்தியானம் ஆ. ஒரு கட்டுரை அனுப்பினாள். அமெரிக்காவில் யாரும் எதிர்பாராத விதமாக இந்த வருடம் கலக்கக்கூடிய கிளாஸ்கள். பெரிய கல்லூரிகளை விட்டுவிட்டு, சின்னச் சின்ன இடங்களாக எழுதியிருக்கிறார்கள். கடைசியில் எங்கள் ஒஹாயோ! லண்டனில் இருந்து ஒரு உயரமான பெண்ணும் வந்து சேர்ந்தால் இவர்கள் பலரைத் திகைக்க வைப்பார்களாம். பெயர் போடவில்லை. நல்லது.

டொய்லெட்டுக்குள் போய் நின்று திரும்பவும் வாசித்தேன். பெருமை ஒரு பக்கம், இன்னும் கடதாசி வரவில்லையே என்ற பயம் ஒரு பக்கம்.

வாங்க: தடித்த ஜக்கெட், கறிக்குச் சரக்குத்தூள், நல்ல சப்பாத்து. ரைஸ் குக்கர் வேண்டாம், அங்கே மின்சாரம் வேறு.

ஏப்ரல் 23, வியாழன்

வெயில். கடதாசி இல்லை.

ஆ.வுக்கு மெசேஜ், வந்ததா? நோ. வந்ததா? நோ அம்மா. அதற்குப் பிறகு பதிலே இல்லை. போனைப் பார்த்துப் பார்த்து எலிசபெத் லைன் ரயிலில், இறங்க வேண்டிய மனோர் பார்க்கைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்றும் இல்லை. இருப்புக் கொள்ளவில்லை. குசினி அலுமாரியைக் கவிழ்த்துத் துடைத்தேன். உடைத்த மிளகாய்த்தூள் பை மூன்று. யார் உடைக்கிறார்கள்? நான்தான்.

இவர்: "அங்கை இப்பதான் மத்தியானம். கொஞ்சம் பொறும்."

"அந்த நாட்டிலை எப்பதான் பின்னேரம் வரும்?"

ஏப்ரல் 25, சனி

காற்று. ஆ. பயிற்சியால் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, புஷ்பம் ஆன்ரிக்கு என்ன சொன்னீங்க?"

அக்கா மகளிடம் சொல்ல, மகள் கிளப் கோச்சிடம் சொல்ல, அந்த மனிதர் நல்லது செய்வதாக நினைத்து ஒஹாயோவுக்கு எழுதிவிட்டார். வீட்டில் விருப்பமில்லை, பிள்ளையை நெருக்க வேண்டாம் என்று. ஒஹாயோக்காரர் அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணைக் கேட்டுவிட்டாராம்.

"கண்ணூறு படக்கூடாது எண்டு சொன்ன பொய், பிள்ளை" என்றேன். எனக்கே கேட்கக் கேவலமாக இருந்தது.

"தட் வாஸ் மை பிளேஸ், அம்மா."

"நான் கோச்சோட கதைக்கிறன்."

"நோ. நீங்க ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம். பிளீஸ்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த பிளீஸ்தான் சுட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

கோழிக்கறி. ஆ. தொடவில்லை.

இவர் வெம்பிளிக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று ஆ.வையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். மனோர் பார்க்கில் கடையா இல்லை? இருட்டும் நேரம் வெறுங்கையோடு வந்தார்கள்.

"கடை பூட்டு."

ஞாயிற்றுக்கிழமை வெம்பிளியில் கடை பூட்டாம். கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? ஆ. இங்கேயே நின்று என்னை வெறுத்துக்கொண்டே இருந்துவிடுவாளோ என்று பயம்.

ஏப்ரல் 27, திங்கள்

மழை. கிளினிக்கில் சனம். புஷ்பம் அக்காவின் போன்.

"வாழ்த்துக்கள் தங்கச்சி. கள்ளி, எனக்குப் பொய் சொல்லிப்போட்டீர் என்ன."

"எதுக்கக்கா வாழ்த்து?"

"ஆரணி படம் போட்டிருக்கிறாளே. ஊர்ச் சனமெல்லாம் பாத்திட்டுது. மற்றப் பிள்ளை மாட்டன் எண்டிட்டுதாம், கோச் திரும்ப இவளையே கேட்டவராம். என்ரை மகள் சொன்னவள்."

படத்தை அக்காதான் அனுப்பினார். கிளப் ஜிம்மில் ஒரு மேசை, ஆ. கையெழுத்து வைக்கிறாள். பதினெட்டு வயது, தாயைக் கேட்கத் தேவையில்லை. பக்கத்தில், நேற்று நான் அயன் பண்ணிக் கொடுத்த சேர்ட்டோடு இவர். கீழே கனடா, சுவிஸ், யாழ்ப்பாணம் என்று எல்லோருடைய வாழ்த்தும்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. "ஓமக்கா, நேற்றுத்தான் சரிவந்தது" என்றேன். இன்னொரு பொய்.

பிள்ளையின் முகத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். அப்படியொரு சந்தோசம். ஊரின் கண்ணுக்குப் பயந்தவள் நான். அவள் பயந்தது எனக்கு.