வண்டியிலேயே காத்திருக்கவும்

மார்ச் 4

மரம் அறுக்கும் மில்லில் என் கணவர் லாய்டுக்கு முதுகு போனதிலிருந்து அரசாங்க உணவு கார்டில்தான் எங்கள் சாப்பாடு. இன்று அவர் பிறந்தநாள். கடையில் சுட்ட கோழி ஒன்றை ஆசையாக எடுத்துவிட்டேன். கல்லாவில் இருந்த பெண், "சூடான சாப்பாட்டுக்கு இந்த கார்டு செல்லாதும்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோழியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

"கோழிதானே, விடு" என்றார் லாய்ட். விட முடிகிறதா?

மார்ச் 6

போனிலேயே சாமான் சொல்லலாமாம், இந்த கார்டுக்கும். வீட்டுக்குக் கொண்டுவரும் கூலிக்குத்தான் செல்லாது. கடை வாசலில் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். 'வண்டியிலேயே காத்திருக்கவும்' என்று போனில் செய்தி வந்தது. அப்பாடா. யார் கண்ணிலும் பட வேண்டாம்.

மார்ச் 8

பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வெர்னா! தேவாலயப் பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது எனக்கு எப்படித் தெரியும்? எந்த கார்டு என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்—

"நீ கேட்ட ரொட்டி தீர்ந்துபோச்சு கோரின், வேற வெச்சிருக்கேன்" என்றாள். நன்றிகூடச் சொல்லாமல் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பாடப் போகவில்லை. தலைவலி என்று லாய்டிடம் பொய்.

மார்ச் 16

இன்றும்.

மார்ச் 18

வெர்னா வீட்டுக்கே வந்துவிட்டாள், கடைச் சட்டையோடு.

"என்னடி, ரெண்டு வாரமா ஆளையே காணோம்? நான் தனியா கத்திக்கிட்டு நிக்கறேன்."

"நீ யார்கிட்டயும் சொல்லலையே?" வாய்தவறி வந்துவிட்டது.

அவள் முகம் சிவந்தது. கைப்பையைத் திறந்து மேசைமேல் ஒன்றை வைத்தாள். என்னுடையதைப் போலவே ஒரு கார்டு.

"நான் என்னத்தப் போய்ச் சொல்ல? கடையில குடுக்கற வேலை நேரம் பத்தல. கூட வேலை பாக்கறவங்க முன்னாடி இத எப்படி நீட்டறது? பக்கத்து ஊர்ல போய் வாங்கறேன், பெட்ரோலே தின்னுடுது. போன்ல எப்படிடி பண்றது, காட்டேன்."

சீ, இவளைப் போய் என்ன கேட்டுவிட்டேன்! போனில் செய்து காட்டும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 22

வெர்னாவுக்கு விடுமுறை. அவள் போனில் சொன்ன சாமானை வாங்க என் வண்டியில் போனோம். பை கொண்டுவந்தவர் அவளுடைய மேனேஜர் ராண்டல்.

"யார் பேருல சொன்னது?"

வெர்னா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் என் பக்கமாகச் சாய்ந்து, "என் பேருதான் ராண்டல். பின்னாடி வைங்க" என்றாள். எனக்குத்தான் காது சுட்டது.

அவள் வீட்டில் இறங்கும்போது, "நாளைக்குப் பாட வருவேல்ல?" என்றாள்.

பாடற்குழு அங்கியைத் தேய்த்து மாட்டியாயிற்று.